மலையில் மட்டும் ஹேங் ஆகும் ஆப்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் ஒழுங்காக ஓடுகிற ஆப், கல்வராயன்மலையில் ஏறிக் கரியாலூரைத் தாண்டியதும் 'சுத்திக்கிட்டே' இருக்கிறது. ஒரு பதிவைச் சேமிக்கப் போனால் வட்டம் சுழல்கிறது. சில சமயம் 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' என்று ஒரு வரி வந்து நிற்கிறது. அதே போனைக் கீழே கொண்டுவந்து காட்டினால் ஒரு கோளாறும் இல்லை. களப்பணிக்கு ஆப் எழுதுகிறவர்களின் காதில் அடிக்கடி விழும் புகார் இது. பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "அங்க டவர் கிடைக்காதுங்க, அதான்."

அந்தப் பதிலில் ஒரு ஓட்டை இருக்கிறது. டவர் இல்லாமலும் வேலை செய்யும் என்று சொல்லித்தானே அந்த ஆப்பைக் கொடுத்தார்கள்? எழுதுவது போனுக்குள் இருக்கும் கோப்பில். அதற்கு எதற்கு டவர்?

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன்மலை ஒரு தனி வட்டம். தலைமையிடம் வெள்ளிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில் மலையாளி பழங்குடியினரின் ஊர்கள் சரிவுகளிலும் பள்ளங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் சிக்னல் என்பது ஊரின் குணம் அல்ல, நிற்கும் இடத்தின் குணம். ஒரு திருப்பத்தில் இரண்டு கோடு காட்டும், அடுத்த திருப்பத்தில் ஒன்றும் இருக்காது. சுகாதாரச் செவிலியரோ கணக்கெடுப்பாளரோ இங்கே கையில் கொண்டுபோகும் ஆப், முதலில் போனில் எழுதிவிட்டுப் பிறகு வாய்ப்புக் கிடைக்கும்போது சர்வருக்கு அனுப்பியாக வேண்டும். 2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஓப்பன் டேட்டா கிட்' அப்படித்தான் கட்டப்பட்டது. இந்தியாவில் ரத்த அழுத்த நோயாளிகளின் பதிவுக்காக வந்த 'சிம்பிள்' ஆப்பும் அப்படியே. இரண்டும் போனுக்குள் சார்ந்திருப்பது ஒரே பொருளை: எஸ்க்யூலைட்.

எஸ்க்யூலைட் ஒரு முழுமையான தரவுத்தளம். ஆனால் அதற்கு சர்வர் கிடையாது, நிர்வாகி கிடையாது, பாஸ்வேர்டு கேட்கும் வாசல் கிடையாது. ஆப்போடு சேர்த்துக் கட்டப்பட்ட ஒரு சிறு நிரல்தொகுப்பு, ஒரு கோப்பு, அவ்வளவுதான். ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் அது இருக்கிறது. வாட்ஸ்அப் செய்திகள் தங்குவதும் அதில்தான்.

அது பிறந்த கதைக்கும் மலைக்கும் ஒரு பொருத்தம் உண்டு. 2000-ல் அமெரிக்கர் ரிச்சர்ட் ஹிப், 'ஆஸ்கர் ஆஸ்டின்' என்ற போர்க்கப்பலுக்காக ஒரு மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். கப்பலில் குழாய் உடைந்தால் எந்த வால்வை மூட வேண்டும், எதைத் திறக்க வேண்டும் என்று சொல்வது அதன் வேலை. தகவல்கள் இன்ஃபார்மிக்ஸ் என்ற சர்வர் தரவுத்தளத்தில் இருந்தன. சர்வர் படுத்துவிட்டால், 'தரவுத்தளத்தை அணுக முடியவில்லை' என்று ஹிப்பின் நிரல் திரையில் காட்டும். பழி அவர் தலையில் விழும். நடுக்கடலில் ஒரு கப்பலுக்கு, தன் குழாய்களைப் பற்றித் தெரிந்துகொள்ள எதற்குத் தனியாக ஒரு சர்வர் என்று அவர் யோசித்ததன் விளைவுதான் எஸ்க்யூலைட். முதல் பதிப்பு அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்தது. பின்னர் பதிப்புரிமையைக் கைவிட்டு அதைப் பொதுச் சொத்தாகவே விட்டுவிட்டார்.

ஆக, இணைப்பு அறுந்த இடத்தில் இயங்குவதற்கென்றே பிறந்த ஒன்று, இணைப்பு அறுந்த மலையில் ஏன் மாட்டிக்கொள்கிறது? அதற்கு 'சேமி' என்ற பொத்தானுக்கு அடியில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

எஸ்க்யூலைட் தன் கோப்பைப் பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. வழக்கமாக ஒரு பக்கம் 4,096 பைட். ஒரு பதிவை மாற்றும் முன், அந்தப் பக்கத்தின் பழைய வடிவத்தை 'ஜர்னல்' என்ற இன்னொரு கோப்பில் எழுதும். அது சேமிப்பகத்தில் உண்மையாகவே பதிந்துவிட்டதா என்று இயங்குதளத்திடம் உறுதி கேட்கும். பிறகே அசல் பக்கத்தை மாற்றும். மறுபடி உறுதி கேட்கும். கடைசியாக ஜர்னலை அழிக்கும். இடையில் பேட்டரி செத்தாலும், அடுத்த முறை திறக்கும்போது ஜர்னலைப் பார்த்துப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பாதி எழுதிய பதிவு என்று ஒன்று அங்கே இருக்க முடியாது.

இந்த உறுதி கேட்பதுதான் விலை உயர்ந்த செயல். எஸ்க்யூலைட்டின் சொந்த ஆவணமே கணக்குச் சொல்கிறது: சாதாரண மேசைக் கணினியில் நொடிக்கு 50,000 வரிகளுக்கு மேல் நுழைக்கலாம், ஆனால் உறுதி கேட்டு முடிக்கும் முழு எழுத்துச் செயல்களை, அதாவது பரிவர்த்தனைகளை, நொடிக்குச் சில பத்துதான் முடிக்க முடியும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டு ஒரு நொடியில் 120 சுற்றுகள் சுற்றுகிறது. ஒரு பரிவர்த்தனைக்கு இரண்டு முழுச் சுற்றுகள் காத்திருக்க வேண்டியிருப்பதால் நொடிக்கு 60-தான். 3,000 குடும்பங்களின் பட்டியலைத் தரவிறக்கும் ஆப், ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனிப் பரிவர்த்தனையாக எழுதினால் 50 நொடிகள் ஆகும். மொத்தத்தையும் ஒரே பரிவர்த்தனையாக எழுதினால் ஒரு நொடிகூடத் தேவையில்லை. நிரலில் தொடக்கத்தில் ஒரு வரி, முடிவில் ஒரு வரி, மாற்றம் அவ்வளவுதான். எஸ்க்யூலைட் 'ஸ்லோ' என்று திட்டுகிறவர்களில் பெரும்பாலோர் செய்யாமல் விட்டது இந்த இரண்டு வரிகளைத்தான்.

போனில் சுழலும் தட்டு இல்லை, ஃபிளாஷ் நினைவகம். அதனால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை, வேறு உருவம் எடுத்தது. எஸ்க்யூலைட் ஒரு ஜர்னல் எழுதுகிறது. அதைத் தாங்கும் ஆண்ட்ராய்டின் கோப்பு முறைமையும் தன் பங்குக்கு ஒரு ஜர்னல் எழுதுகிறது. இரண்டுக்கும் ஒன்றை ஒன்று தெரியாது. சில நூறு பைட் மாற்றத்துக்குச் சேமிப்பகம் பலமடங்கு எழுத வேண்டியிருப்பதைத் தென்கொரியாவின் ஹன்யாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் அளந்து காட்டினார்கள். 'ஜர்னலுக்கு ஜர்னல்' என்றே அந்த வியாதிக்குப் பெயர் வைத்தார்கள்.

பெரிய கைகளும் இதில் சுட்டுக்கொண்டதுண்டு. 2008-ல் ஃபயர்ஃபாக்ஸ் 3 உலாவி, பார்த்த பக்கங்களின் வரலாற்றை எஸ்க்யூலைட் கோப்புக்கு மாற்றியது. லினக்ஸில் அதைச் சோதித்தவர்களின் கணினி, ஒரு இணைப்பைச் சொடுக்கினால் சில நொடிகள் உறைந்து நின்றது. உலாவி ஒவ்வொரு பக்கத்துக்கும் உறுதி கேட்டது. அன்றைக்கு லினக்ஸில் பரவலாக இருந்த கோப்பு முறைமையோ, ஒரு கோப்புக்கு உறுதி கேட்டால், எழுதப்படாமல் நிற்கும் எல்லாக் கோப்புகளையும் எழுதி முடித்துவிட்டுத்தான் பதில் சொல்லும். தரவுத்தளத்தில் பிழை இல்லை. கோப்பு முறைமையும் தன் விதிப்படிதான் நடந்துகொண்டது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் கோளாறு.

கல்வராயன்மலைப் புதிரும் இதே இனம்தான்.

எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். எழுதுகிறவர் பூட்டைக் கையில் வைத்திருப்பார், முடித்ததும் விடுவார். எழுதுவது மில்லிநொடிக் கணக்கில் முடிந்துவிடுவதால் இது பெரிய குறை அல்ல. இப்போது ஒரு நிரலாளர் 'சிங்க்' பகுதியை இப்படி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: பரிவர்த்தனையைத் தொடங்கு, அனுப்ப வேண்டிய பதிவுகளில் 'அனுப்பப்படுகிறது' என்று குறி, சர்வருக்கு அனுப்பு, பதில் வந்ததும் 'போயிற்று' என்று குறி, பரிவர்த்தனையை முடி. படிக்கும்போது ஒழுங்காகத்தான் தெரிகிறது. சென்னை அலுவலகத்தின் வைஃபையில் சர்வர் அரை நொடியில் பதில் சொல்லும், பூட்டும் அரை நொடிதான். கள்ளக்குறிச்சியிலும் ஏறக்குறைய அப்படியே. மலைமேல் இன்னாடு என்ற ஊரில் ஒரு வீட்டு வாசலில், ஒரு கோடு சிக்னலில், அதே அழைப்பு ஒரு நிமிடம் தொங்கிக்கொண்டு நிற்கும். அந்த ஒரு நிமிடமும் பூட்டு சிங்கின் கையில். வாசலில் நிற்கும் செவிலியர் கர்ப்பிணியின் எடையைப் பதிந்து 'சேமி'யை அழுத்துகிறார், வட்டம் சுழல்கிறது. வேடிக்கை என்னவென்றால், சிக்னல் அறவே இல்லாத பள்ளத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே அழைப்பு உடனே தோற்றுப் பூட்டு திரும்பிவிடும். அரைகுறைச் சிக்னல்தான் ஆளைக் கொல்கிறது.

இதற்கு முதலில் நினைவுக்கு வரும் மருந்து, காத்திருப்பு நேரத்தைக் கூட்டுவது. பூட்டு கிடைக்காவிட்டால் உடனே பிழை சொல்லாமல் 5 நொடி பொறு என்று எஸ்க்யூலைட்டுக்குச் சொல்லலாம். சொல்லவும் வேண்டும், வெறும் சி மொழி நூலகமாக எடுத்தால் அதன் இயல்பு பொறுக்காமல் திரும்பி வருவதுதான். ஆனால் ஒரு நிமிடப் பூட்டை 5 நொடிப் பொறுமை என்ன செய்யும்? இன்னொரு நுணுக்கமும் உண்டு. படிப்பதாகத் தொடங்கிய பரிவர்த்தனை நடுவில் எழுத முனையும்போது, அதற்குள் வேறொருவர் எழுதியிருந்தால், எத்தனை நொடி பொறுமை கொடுத்திருந்தாலும் உடனே மறுப்புதான் வரும். அது படித்த நிலைமையே பழசாகிவிட்டது. எழுதப் போவது தெரிந்தால் தொடக்கத்திலேயே எழுதும் உரிமையைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். அதற்கென்றே 'பிகின் இம்மீடியட்' என்ற கட்டளை இருக்கிறது.

உண்மையான சிகிச்சை வேறு: பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு சர்வரோடு பேசாதே. குறித்துவிட்டுப் பரிவர்த்தனையை முடி. பிறகு அனுப்பு. பதில் வந்தபின் புதிதாக ஒன்றைத் தொடங்கி 'போயிற்று' என்று குறி. இப்படிச் செய்தால் இன்னொரு வம்பு முளைக்கும். பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்தால், அடுத்த சிங்கில் அதே பதிவு மறுபடி போகும். மலையில் இது அன்றாடம் நடக்கக்கூடியது. அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் திரும்ப வராத ஒரு நீண்ட எண்ணைப் போனே போட்டுவிட வேண்டும். ஒரே எண் இரண்டு முறை வந்தால் சர்வர் இரண்டாவதை ஒதுக்கிவிடும்.

எழுதுகிறவர் இருக்கும்போது படிக்கிறவரும் நிற்க வேண்டுமா? 2010 வரை வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வந்த 3.7.0 பதிப்பு 'வால்' என்ற வேறொரு முறையைக் கொண்டுவந்தது. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரை நினைத்துக்கொண்டால் போதும். வருகிற வரிசையிலேயே நோட்டில் எழுதிக்கொண்டு போவார்; ஊர்வாரியாகப் பிரித்துக் குடும்பத்தின் பெரிய கணக்கில் ஏற்றுவது பிற்பாடு. வால் முறையில் புதிய பக்கங்கள் அசல் கோப்பைத் தொடுவதில்லை. பக்கத்தில் உள்ள வால் கோப்பின் கடைசியில் வரிசையாகச் சேர்கின்றன. படிக்கிறவர் படித்துக்கொண்டே இருக்கலாம். வால் கோப்பில் 1,000 பக்கம் சேர்ந்ததும் அவற்றை அசலுக்கு ஏற்றும் வேலை நடக்கும்.

இந்த முறைக்கும் இரண்டு நோய்கள் உண்டு. ஆப்பில் எங்கோ ஒரு தேடலைத் திறந்து மூட மறந்திருந்தால், அந்த ஒரு படிப்பாளருக்காகப் பழைய நிலைமையைக் காப்பாற்ற வேண்டியிருக்கும். வால் கோப்பை மறுபடி முதலிலிருந்து பயன்படுத்த முடியாமல் அது வளர்ந்துகொண்டே போகும். 'போன் மெமரி ஃபுல்' என்ற புகாருக்குப் பின்னால் சில சமயம் செல்ஃபிகள் அல்ல, நூற்றுக்கணக்கான மெகாபைட்டுக்கு ஊதிப்போன ஒரு வால் கோப்பு இருக்கும்.

இரண்டாவது இன்னும் கொடியது. டேப்லெட் பழுதாகிறது. யாரோ கேபிள் போட்டுத் தரவுத்தளக் கோப்பை மட்டும் கணினிக்கு நகல் எடுக்கிறார். பக்கத்தில் இருந்த, கிட்டத்தட்ட அதே பெயர் கொண்ட வால் கோப்பு தேவையற்றதாகத் தோன்றுகிறது, விட்டுவிடுகிறார். நகல் நன்றாகத் திறக்கிறது, பிழை எதுவும் காட்டவில்லை. "நேத்து போட்டதெல்லாம் காணோமே" என்று செவிலியர் சொல்லும்போதுதான் தெரிகிறது: நேற்றைய பதிவுகள் முழுவதும் வாலில் இருந்தன. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைக் கோப்பாக நகலெடுக்கக் கூடாது. 2019-ல் சேர்க்கப்பட்ட 'வேக்யூம் இன்டு' கட்டளை, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சுத்தமான கோப்பாகத் தந்துவிடும்.

தேடல் மெதுவாக இருப்பது தனி வகைப் புகார். அதைக் கண்டுபிடிப்பது எளிது. 'எக்ஸ்ப்ளெய்ன் குவெரி பிளான்' என்று தேடலின் முன்னால் சேர்த்தால், எப்படித் தேடப்போகிறேன் என்று எஸ்க்யூலைட் சொல்லும். 'ஸ்கேன்' என்று வந்தால் முழு அட்டவணையையும் வரி வரியாகப் பார்க்கிறது. 'சர்ச்' என்று வந்தால் இண்டெக்ஸ் வழியே நேராகப் போகிறது. ஊரும் பெயரும் சேர்த்துத் தேடுகிற ஆப்புக்கு அதே வரிசையில் ஓர் இண்டெக்ஸ் போதும். நெடுவரிசைக்கு ஓர் இண்டெக்ஸ் என்று அள்ளித் தெளித்தால், ஒவ்வொரு சேமிப்பும் அத்தனை இண்டெக்ஸையும் திருத்த வேண்டும். போன் பாவம்.

மெதுவாக இருப்பதையாவது கண்ணால் பார்க்கலாம். வேகமாக வரும் தவறான விடை யார் கண்ணிலும் படாது. எஸ்க்யூலைட் தரவு வகைகளில் தாராளமானது: 'வயது' என்ற நெடுவரிசை எண்களுக்கு என்று அறிவித்திருந்தாலும், அதில் 'தெரியாது' என்று எழுதினால் மறுக்காது, அப்படியே வாங்கிக்கொள்ளும். ஜாகிர்தார்களின் ஆட்சி 1976 வரை நீடித்த மலை இது. பிறந்த தேதிக்குச் சான்று இல்லாத முதியவர்கள் இருப்பது இயல்பு. எஸ்க்யூலைட்டின் ஒப்பீட்டு விதிப்படி எழுத்துச் சரம் எப்போதும் எண்ணைவிடப் பெரியது. எனவே '60 வயதுக்கு மேற்பட்டோர்' என்று தேடினால், 'தெரியாது' என்று குறிக்கப்பட்ட எல்லோரும் பட்டியலில் வந்துவிடுவார்கள், இருபது வயதுக்காரர் உட்பட. சராசரி கேட்டால் அதே 'தெரியாது' பூஜ்யமாக எண்ணப்படும். ஒரே கோப்பு ஒருவரை ஒரு கேள்விக்கு முதியவராகவும் இன்னொன்றுக்குக் கைக்குழந்தையாகவும் காட்டுகிறது. 2021-ல் வந்த 3.37 பதிப்பிலிருந்து அட்டவணையை 'ஸ்ட்ரிக்ட்' என்று அறிவித்து இதைத் தடுக்கலாம்.

தமிழில் எழுதும்போது வரும் கோளாறுகள் ஆங்கிலக் கையேடுகளில் அதிகம் இடம்பெறாதவை. 'கோமுகி' என்று இரண்டு பேர் தட்டச்சு செய்கிறார்கள். திரையில் இரண்டும் ஒன்றே. ஆனால் ஒரு விசைப்பலகை ஓகாரக் குறியை ஒற்றை யூனிகோடு எழுத்தாக இடுகிறது. இன்னொன்று ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாக இடுகிறது. எஸ்க்யூலைட் ஒப்பிடுவது பைட்டுகளை, கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை அல்ல. இரண்டும் வெவ்வேறு பெயர்களாகிவிடும். சேமிக்கும் முன் யூனிகோடு விதிப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது ஆப்பின் பொறுப்பு.

அகர வரிசையும் அப்படியே. கலா, கவிதா, கனகா என்பது தமிழ் வரிசை. யூனிகோடு அட்டவணையில் றன்னகரத்துக்கு நகரத்தின் பக்கத்தில் இடம் கொடுத்துவிட்டார்கள். அதனால் எஸ்க்யூலைட்டின் இயல்பான வரிசையில் கனகா முதலில் வந்துவிடுவார். மெய்யெழுத்துக்கும் கதி அதுவே. கண்ணனுக்கு அடுத்துத்தான் கணேசன் வர வேண்டும். ஆனால் புள்ளியின் எண் உயிர்மெய்க் குறிகளுக்குப் பின்னால் இருப்பதால் கணேசன் முந்திக்கொள்கிறார். 500 பேர் பட்டியலில் ஒருவரைத் தேடி விரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு, 'பேரே இல்லை' என்று தோன்ற இது போதும். அதன் அடுத்த விளைவு, அதே ஆளுக்கு இரண்டாவது பதிவு. ஆண்ட்ராய்டு தன் எஸ்க்யூலைட்டில் 'லோக்கலைஸ்டு' என்ற வரிசை முறையைச் சேர்த்தே தருகிறது; கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும்.

சொல் தேடலுக்கான எஃப்.டி.எஸ்.5 பகுதியில் தமிழின் நிலை இன்னும் மோசம். அதன் இயல்பான சொற்பிரிப்பான், எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பாகமாகக் கருதுகிறது. கொம்பும் காலும் புள்ளியும் அதன் கணக்கில் சொற்களுக்கு இடையிலான வெற்றிடம். 'கோமுகி' மூன்று தனி எழுத்துகளாக உடைந்துவிடும். குறிகளையும் சொல்லோடு சேர்க்கச் சொல்லும் ஓர் அமைப்பை எழுதிவிட்டால் இது சரியாகிவிடும். தமிழில் தேடுபெட்டி வைத்த எத்தனை ஆப்கள் அதைச் செய்திருக்கின்றன என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டைச் சுத்தம் செய்வதுபோல் தோன்றும் 'வேக்யூம்' கட்டளையிலும் கை வைக்கும்முன் யோசிக்க வேண்டும். அழித்த பதிவுகளின் இடத்தை மீட்க அது முழுக் கோப்பையும் புதிதாக எழுதுகிறது. அதற்கு அசல் கோப்பைப்போல் இரு மடங்குவரை காலியிடம் தேவைப்படலாம். போன் நிறைந்துவிட்டதே என்று அதை இயக்குகிறவருக்கு அந்த இடம்தான் இருக்காது. 2016-ல் ஸ்பாட்டிஃபையின் கணினிச் செயலி மணிக்குப் பத்துக்கணக்கான ஜிகாபைட்டுகளை எழுதித் தள்ளுவதைப் பயனர்கள் கண்டார்கள். தோண்டிப் பார்த்தபோது, ஓர் எஸ்க்யூலைட் கோப்பை அது திரும்பத் திரும்ப வேக்யூம் செய்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில்தான் திருத்தம் வந்தது.

கோப்பே உடைந்துபோவது அபூர்வம். உடைந்தால் காரணம் பெரும்பாலும் வெளியில் இருக்கும்: 'பதிந்துவிட்டேன்' என்று பொய் சொல்லும் மலிவான மெமரி கார்டு, நடுவில் அழிக்கப்பட்ட ஜர்னல், வேகத்துக்காக உறுதி கேட்பதையே அணைத்துவைத்த நிரலாளர். கடைசி வகையை மன்னிப்பது கடினம். பேட்டரி 3 சதவீதத்தில் நிற்கும் போனில், ஒரு கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தைப் பதியும் ஆப்புக்கு மில்லிநொடி மிச்சம் எதற்கு? 'இன்டெக்ரிட்டி செக்' கோப்பின் உடல்நிலையைச் சொல்லும். 2019 முதல் கட்டளை நிரலில் இருக்கும் 'ரெக்கவர்', உடைந்த பக்கங்களுக்கு இடையே மீட்க முடிந்ததை மீட்டுத் தரும். மூலக் கோப்பைத் தொடாமல் நகலில் செய்ய வேண்டும், வால் கோப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு.

ஹிப்பின் குழு வைத்திருக்கும் சோதனை நிரல், எஸ்க்யூலைட்டின் சொந்த நிரலைப்போல் சுமார் 590 மடங்கு. நினைவகம் தீர்ந்துபோவது, எழுதும்போது வட்டு பிழை சொல்வது, எழுத்தின் நடுவே மின்சாரம் போவது என எல்லாவற்றையும் செயற்கையாக நிகழ்த்திப் பார்க்கிறார்கள். ஆப் எழுதுகிறவருக்கு அவ்வளவு தேவையில்லை. சிங்க் நடக்கும்போது ஏர்பிளேன் மோடை அழுத்துவது, இணைப்பின் வேகத்தைச் செயற்கையாகக் குறைத்துவிட்டு நான்கு பதிவுகளைச் சேமிப்பது, சேமிப்பகத்தைப் படங்களால் நிரப்பிவிட்டு ஆப்பைத் திறப்பது, 'சேமி'யை அழுத்திய கணத்தில் போனை வலுக்கட்டாயமாக அணைப்பது. சென்னையில் ஒரு மேசையிலேயே செய்யக்கூடியவை இவை. 'டேட்டாபேஸ் இஸ் லாக்டு' இரண்டாவது சோதனையிலேயே வந்துவிடும்.